வயர் இல்லாத துறப்பணம்

1964, தை மாதம். புதன்கிழமை காலை ஏழரை மணி.

விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் மரப்பட்டறை வைத்திருந்த வேங்கடேசன், அலமாரியைத் திறந்து தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். கறுப்பு வயரோடு சார்ஜ் பெட்டி இருந்தது. துளை அலகுகள் இருந்தன. அலகை முடுக்கும் சாவி இருந்தது. மிஷினைக் காணோம்.

"அய்யய்யோ!" என்று அவர் போட்ட சத்தத்தில், எதிரே இட்லி விற்கும் அம்மணி கரண்டியும் கையுமாக ஓடி வந்துவிட்டாள்.

காணாமல் போனது லேசுப்பட்ட பொருள் இல்லை. விசையை அழுத்தினால் மரத்தைத் துளைக்கும் மின்சார மிஷின். புதுச்சேரி சின்னப்பராஜின் தம்பி கப்பலில் வேலை பார்ப்பவன். அவன் வெளிநாட்டிலிருந்து இரண்டு மிஷின்கள் கொண்டு வந்திருந்தான். அவற்றை விற்கத்தான் சின்னப்பராஜ் விழுப்புரம் வந்திருந்தார். ஒன்றில் வயர் உண்டு. அசுர வேகம், ஆனால் சுவரில் பிளக் இருக்கிற இடத்தில்தான் ஓடும். இன்னொன்றில், இப்போது காணாமல் போனதில், வயரே கிடையாது. கைப்பிடிக்குள் பாட்டரி. வேகம் கொஞ்சம் மட்டு, என்றாலும் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். வேங்கடேசன் ஒன்றை எடுத்துக்கொள்வார், மற்றது திண்டிவனம் தாண்டவராயன் பட்டறைக்கு என்று பேச்சு.

எதை எடுப்பது? செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க இரண்டையும் ஓட்டிப் பார்த்தும் மனிதருக்கு முடிவு வரவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அக்காவையும் தங்கையையும் சேர்த்துப் பார்த்துவிட்ட மாப்பிள்ளை மாதிரித் திண்டாடினார். அவருடைய வேலையில் பாதி, மின்சாரக் கம்பி எட்டாத ஊர்களில். அங்கே ஆட்கள் வாரக்கணக்கில் தங்கி, வில்லில் கயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்துத் துளைபோடும் துறப்பணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பெண்டாட்டிகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காலையில சொல்றேன்" என்று இரண்டு மிஷின்களையும் பட்டறையிலேயே வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். காலை வந்தது. சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

வாசல் பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. பட்டறைச் சாவி ராத்திரி முழுக்க இருந்தது தச்சர் அடைக்கலராஜிடம். வேங்கடேசன் அவர் சட்டையைப் பிடித்தார். சின்னப்பராஜ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

காலை எட்டரை.

சப்-இன்ஸ்பெக்டர் சீனுவாசன் சைக்கிளில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது. மனைவி வல்லத்தில் பள்ளிக்கூட வாத்தியார். திருடர்கள் தயவு பண்ணினால் சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வல்லம் போவார். போன இரண்டு சனிக்கிழமையும் அவர்கள் தயவு பண்ணவில்லை. அதனால் மனிதர் கொஞ்சம் சிடுசிடுப்பாகவே இருந்தார்.

தகரப் பெட்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அடைக்கலராஜைக் கூப்பிட்டார்.

"மிஷினைப் பெட்டியில வச்சது யாரு?"

"நான்தான் சார். சாயங்காலம் வச்சேன்."

"சார்ஜ் போட்டியா?"

"இல்ல சார். காலையில போட்டுக்கலாம்னு வுட்டுட்டேன்."

"சார்ஜ் போடணும்னு உனக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார். மத்தியானமே சின்னப்பராஜ் அண்ணன் வெளக்கமா சொல்லிட்டாரு. மொதலாளி இருந்தாரு, திண்டிவனத்துக்காரரு இருந்தாரு, நான் இருந்தேன்."

"வச்சதும் பூட்டிட்டியா?"

"இல்ல சார். கெணத்தாண்ட போயி கைகால் கழுவிக்கினு வந்துதான் பூட்டினேன்." அவர் கைகூப்பினார். "சார், எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். மாதா கோயில்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சி. வர்ற ஞாயித்துக்கெழமை மூணாவது ஓலை. என்னை உள்ள வச்சா பொண்ணு வூட்ல நிறுத்திடுவாங்க."

சீனுவாசன் சைக்கிளை எடுத்தார். ஸ்டேஷனுக்குப் போய்த் திண்டிவனத்துக்கு டிரங்க் கால் போட்டார். முந்தின நாள் மாலை ரயிலில் ஊர் திரும்பியிருந்த தாண்டவராயன், அங்குள்ள போலீஸ் ஸ்டேஷன் போனுக்கு வந்தார்.

"அந்த மிஷின் மேல உங்களுக்கும் ஆசைன்னு கேள்விப்பட்டேன்."

"ஆசைதான் சார், இல்லேங்கல. ஆனா சார்ஜ் பெட்டி அங்கயே கெடக்குதுன்றீங்களே. அது இல்லாம மிஷினைக் கொண்டாந்து நான் இன்னா பண்றது? ஆணி அடிக்கறதா?"

சீனுவாசன் முதல் தடவையாகச் சிரித்தார்.

காலை பத்து மணி. அம்மணியின் இட்லிக் கடை.

"நேத்து சாயங்காலம் பட்டறையிலேர்ந்து யாரார் போனாங்க?" என்று சீனுவாசன் கேட்டார்.

அம்மணிக்குக் கேள்வி பிடித்திருந்தது. அவள் கண்ணில் படாமல் அந்தத் தெருவில் காக்காய்கூடப் போக முடியாது.

"திண்டிவனத்துக்காரரு கையை வீசிக்கினு ரயிலுக்குப் போனாரு. பின்னாடியே மொதலாளியும் புதுச்சேரிக்காரரும் பேசிக்கினே போனாங்க. அப்புறம் அம்சா."

"அம்சா யாரு?"

"தேவநாதன் பொஞ்சாதி. தேவநாதனும் இந்தப் பட்டறைத் தச்சருதான், வெளியூர் வேலையில இருக்காரு. அது தெனம் சாயங்காலம் பட்டறையைப் பெருக்கிட்டு, இழைப்புளியில சீவின மரச்சுருளை அடுப்பெரிக்க அள்ளிக்கினு போவும். நேத்தும் சும்மாட்டைச் சுருட்டித் தலையில வச்சி, மேல கூடையை வச்சிக்கினு போச்சி. கடைசியா அடைக்கலம் பூட்டிட்டு வெறுங்கையோட போச்சி."

"ராத்திரி?"

"ஒரு ஈ காக்கா இல்ல. விடிகாலையில கெடாருக்கு வண்டி போச்சி, அவ்ளோதான். மொதலாளி வண்டி. வாராவாரம் செவ்வாக்கெழமையே கதவு நெலைக்கட்டையை ஏத்தி வச்சிட்டு, புதங்கெழமை போவும். அம்சாவும் புருசனுக்குத் துணிமணி, தின்பண்டம்னு மூட்டை குடுத்தனுப்பும்."

சீனுவாசன் இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது பட்டறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் முந்தின நாள் சுருள் பாதிக்கு மேல் அள்ளப்படாமல் கிடந்தது. காற்று வந்தபோது அது தானாக எழுந்து வாசல்வரை ஓடியது.

அம்சா பட்டறைக்கு வந்திருந்தாள். இருபத்து நாலு வயதிருக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம்.

"நேத்து அந்த மிஷினைப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் சார். பெருக்க வந்தப்ப ஓட்டிக் காட்டினாங்க. வயரு இல்லாமயே சுத்துச்சி." அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது. "கரண்டே இல்லாத காட்டுலகூட ஓடும்னு புதுச்சேரிக்காரரு சொன்னாரு."

"உன் வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"கெடாருக்கு அந்தாண்ட சார். மல்லாட்டை மூட்டை வாங்கற மண்டிக்காரரு பெரிய வூடு கட்றாரு. அங்க கரண்டு இல்ல. கையாலதான் துறப்பணம் இழுக்கறாரு."

"எப்ப வருவாரு?"

"பொங்கலுக்கு வந்தாரு. மறுநாளே போயிட்டாரு. வேலை முடிய இன்னும் ரெண்டு மாசம் ஆவுமாம்."

இதைச் சொல்லும்போது அவள் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தாள். அந்தப் பார்வை சீனுவாசனுக்குத் தெரிந்த பார்வை. ஞாயிற்றுக்கிழமை மாலை வல்லம் பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவி பார்க்கிற பார்வை அது. மேலே எதுவும் கேட்க அவருக்கு மனசு வரவில்லை.

பகல் பன்னிரண்டு மணி.

"என்னா சார் இன்னும் யோசனை? இவனை உள்ள தள்ளி நாலு தட்டு தட்டுங்க, தானா கக்குவான்" என்று வேங்கடேசன் அடைக்கலராஜைக் காட்டினார்.

"எல்லாரும் உட்காருங்க" என்றார் சீனுவாசன். யாரும் உட்காரவில்லை.

"விக்கறதுக்கு எடுத்தவன் பெட்டியோட எடுத்திருப்பான். வேலைக்கு எடுத்தவன் சார்ஜ் பெட்டியை விட்டிருக்க மாட்டான். இந்த ஆளு ரெண்டையும் விட்டுட்டு மிஷினை மட்டும் எடுத்திருக்கு. ஏன்? வயர் இல்லாத மிஷினுக்கு வயர் வச்ச பெட்டி எதுக்குன்னு நினைச்சிருக்கு. கரண்டே வேணாம், காலத்துக்கும் ஓடும்னு நம்பியிருக்கு."

"அப்ப இவன் இல்லைன்றீங்களா?"

"இவருக்கு சார்ஜ் சமாசாரம் தெரியும். உங்களுக்குத் தெரியும். தாண்டவராயனுக்கும் தெரியும். மத்தியானம் வெளக்கம் சொன்னப்ப இல்லாம, சாயங்காலம் வந்து ஓடறதை மட்டும் பார்த்தது ஒரே ஒரு ஆளு."

எல்லோரும் அம்சாவைப் பார்த்தார்கள்.

"அந்த ஆளு கையில ஒண்ணும் எடுத்துக்கினு போகலியே சார். கூடையில சுருளுதான் இருந்துச்சி" என்றாள் வாசலில் நின்ற அம்மணி.

"நீதானம்மா சொன்னே, சும்மாடு வச்சிக்கினு போச்சின்னு. தண்ணிக் குடத்துக்கு சும்மாடு வைப்பாங்க, நெல்லு மூட்டைக்கு வைப்பாங்க. ஊதினா பறக்கற சுருளுக்கு யாராவது வைப்பாங்களா? கூடையை இடுப்புல இடுக்கிக்கினு போயிடலாம். சுருளுக்கு அடியில கனமா ஒண்ணு இருந்ததாலதான் தலைக்கு சும்மாடு தேவைப்பட்டிருக்கு. அதான் தரையில பாதி சுருள் அப்படியே கெடக்கு. கூடையில எடம் இல்ல." அவர் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்சா, காலையில வண்டியில குடுத்த மூட்டையில மிஷின் இருந்ததா?"

அம்சா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்துச்சி சார். அடைக்கலம் அண்ணனை வுட்ருங்க. மொதலாளி எப்படியும் வாங்கப்போறாரு, கொஞ்சம் முன்னாடி அனுப்பினா இன்னான்னு நெனச்சிட்டேன். மொதலாளி குடுத்ததுன்னு வண்டிக்காரருகிட்ட பொய் சொன்னேன். பூட்டினவரு தலையில விழும்னு தோணல சார். காலையில சொல்லலாம்னு வந்தேன். உங்க காக்கிச் சட்டையைப் பார்த்ததும் நாக்கு எழும்பல."

"ஏண்டி இப்படிப் பண்ணே?" என்று அம்மணிதான் கேட்டாள்.

"பொங்கலுக்கு வந்தப்ப அவரு கை ரெண்டும் வீங்கியிருந்துச்சிக்கா. சோறு பெசைய முடியல, நான்தான் ஊட்டினேன். விடிஞ்சா கெளம்பிட்டாரு. ஒருத்திக்கு ஆக்கித் தின்னா தொண்டையில எறங்கல. அவரைப் பார்க்கணும்போல இருக்குது, வேற ஒண்ணும் இல்ல. இந்த மிஷினு இருந்தா ரெண்டு மாச வேலை பத்து நாள்ல முடிஞ்சி அவரு வந்துடுவாருன்னு..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் அழவும் இல்லை.

வேங்கடேசனுக்குக் கோபம் மறுபடி ஏறியது. "ஜல்தியா ஜீப் எடுங்க சார், போயி மிஷினைப் புடிச்சாரலாம். பேஜாருப் புடிச்ச வேலை!"

"எதுக்கு? நேத்து பூரா ஓட்டியிருக்கீங்க, சார்ஜ் போடல. கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுடும். உங்க ஆளு நல்லவரா?"

"தேவநாதனா? ஒரு ஆணியைக்கூட வூட்டுக்கு எடுத்துக்கினு போவாதவன்."

"அப்ப மிஷின் தானா வரும். உட்காருங்க."

இந்தத் தடவை எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்குச் சைக்கிள் மணி கேட்டது. தேவநாதன் வியர்த்து விறுவிறுத்து இறங்கினான். பின்னால் கேரியரில், துண்டில் சுற்றி, கைக்குழந்தையைக் கட்டுவதுபோலக் கட்டியிருந்தான் மிஷினை.

"தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. நீங்க குடுத்தனுப்பின மிஷினு வெண்ணெயில எறங்கறாப்ல எறங்குச்சி. மாட்டியிருந்த அலகோடயே ஒரு நெலை முழுசா முடிச்சேன். அப்புறம் மொணகிக்கினே நின்னுபோச்சி. சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

வேங்கடேசன் வாயைத் திறந்தார். சீனுவாசன் முந்திக்கொண்டார்.

"உங்க மிஷின், உங்க வண்டியில, உங்க வேலைக்கு, உங்க ஆளுகிட்ட போயி, உங்க பட்டறைக்கே திரும்பி வந்துடுச்சி. இதுல எதைத் திருட்டுன்னு எழுதறது?"

வேங்கடேசன் மோவாயைச் சொறிந்தார். அடைக்கலராஜைப் பார்த்தார். "போடா, போயி ஓலையை வாசிக்கச் சொல்லு" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அடைக்கலராஜ் மிஷினை வாங்கிச் சார்ஜ் பெட்டியில் மாட்டினார்.

"முழுசா ஏறினா ஒரு நாள் வேலைக்குத் தாங்கும். ஆனா தெனம் ராத்திரி இப்படிப் போடணும்" என்று சின்னப்பராஜ் சொன்னார்.

"அப்ப அந்த ஊருக்கு இது எப்படி ஆவும்? தெனம் பத்து மைலு போயி பத்து மைலு வரணும்" என்று வேங்கடேசன் தேவநாதன் பக்கம் திரும்பினார். "நீதானேடா துறப்பணம் இழுக்கறவன். நீயே சொல்லு. வயர் மிஷினை எடுத்துப் பட்டறையில வச்சிக்கலாமா, இதை எடுக்கலாமா?"

"வேகத்துக்கு வயர் மிஷினுதான் மொதலாளி. இங்க உட்கார்ந்து பண்ற வேலைக்கு அதை அடிச்சிக்க முடியாது." தேவநாதன் தொழில்காரன், பொய் சொல்ல வரவில்லை. பிறகுதான் கேட்டது அவனுக்கு உறைத்தது. "இது தெனம் ராத்திரி இங்க வந்தே ஆவணுமா?"

"ஆமாம்பா" என்றார் சின்னப்பராஜ்.

தேவநாதன் தூணருகே நின்ற அம்சாவைப் பார்த்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துவிட்டது.

"இதையே எடுங்க மொதலாளி."

"பைத்தியமாடா? தெனம் இருபது மைலு!"

"துறப்பணம் இழுத்த கையோட சைக்கிள் மிதிக்க முடியாது, அதான் அங்கயே கெடந்தேன். இது இருந்தா வெயில் எறங்கறதுக்குள்ள அன்னன்னிக்கு வேலை முடிஞ்சிடும். மிதிச்சிக்கறேன்."

வேங்கடேசன் எழுந்தார். வயர் மிஷினைத் தூக்கிச் சின்னப்பராஜ் கையில் கொடுத்தார். "திண்டிவனத்துக்குக் கொண்டுபோங்க" என்றார்.

காலையிலிருந்து போலீஸ்காரர் முன்னால் அழாத அம்சா இப்போது அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் நிற்பதையும் மறந்து புருஷனிடம் கேட்டாள்.

"ராத்திரிக்கு இன்னா ஆக்கட்டும்?"