கோட்டுக்கு இடது பக்கம்

வேகப் பலகையில் எண்பத்து மூன்று என்று எரிந்துகொண்டிருந்தது.

எண்பது எரியும். அறுபது எரியும். மழை வலுத்தால் நாற்பதும் எரியும். இந்த ஹைவேக்குக் குறுக்கே இரும்பு வளைவுகள் நட்டு, ஒவ்வொரு பாதைக்கும் தலைக்கு மேலே ஒரு பலகையைத் தொங்கவிட்ட நாளிலிருந்து சுடலைக்கண்ணன் அந்த எண்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான், வாய் வலிக்கத் திட்டியும் விட்டான். எங்கோ ஏசி ரூமில் உட்கார்ந்து எவனோ பட்டனைத் தட்டுவான். எண்பது சட்டென்று அறுபதாகும். கால் பிரேக்குக்குப் போவதற்குள் கேமரா படம் பிடித்துவிடும். அப்படிப் பிடித்த படங்களால்தான் போன வருஷம் அவன் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். அதுகூடப் போகட்டும். எந்த நாட்டில், எந்த ரோட்டில், எண்பத்து மூன்றுக்கு மேலே போகாதே என்று போடுவார்கள்?

"எம்பத்தி மூணுப்பா," என்றாள் பின் சீட்டிலிருந்து மகள் ஷர்மிளா.

"நானும் பாத்தேன். போர்டு கெட்டுப் போச்சு போல."

"எந்த போர்டு? நான் அம்மாவுக்குச் சொல்லுதேன். கிளிப்புல எம்பத்தி மூணு காட்டுது."

சுடலைக்கண்ணன் கண்ணாடியில் பார்த்தான். அவனுக்கு நேர் பின்னால், வலது பக்கத்துச் சீட்டில் செண்பகவல்லி வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். இடது பக்கக் கதவுக் கண்ணாடி இறங்காது, அதன் மோட்டார் போய்ப் பல மாதமாகிறது. காற்று வேண்டும் என்பதால் அவளை வலது பக்கம் உட்காரவைத்து, கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டிருந்தான். அந்த இடுக்கு வழியாகச் சாரல் அடித்தது. வைப்பர் ரப்பர் தேய்ந்து கிறீச்சிட்டது. அதற்கு நடுவே அவள் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை ஏறி இறங்கியது. காது குத்து வீட்டில் தலைக்கு வைத்த மல்லிகையும், நனைந்த சீட் உறையும், கேஸ் நாற்றமும் ஒன்றாகக் கலந்து வண்டிக்குள் ஒரு புழுக்கம் பிடித்துக் கிடந்தது.

மத்தியானம்வரை நன்றாகத்தான் இருந்தாள். அம்பர்நாத்தில் அவள் தம்பி மகளுக்குக் காது குத்து. பந்தியில் நின்று பாயசம் பரிமாறினாள். சாயங்காலம் மழையோடு ஃபேக்டரிப் புகையும் இறங்கியதும் மூச்சு பிடித்துக்கொண்டது. கொரோனாவில் தாராவியே சுருண்டு கிடந்த நாளில் அவளுக்குக் கெட்டுப்போன நெஞ்சு அது. ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்ட அன்று வாங்கிய ஆக்சிமீட்டர் கிளிப் அவள் கைப்பையிலேயே கிடந்தது; இப்போது அவள் விரலில் மாட்டியிருந்தது. அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு, இங்கே வசதியில்லை, மாட்டுங்கா பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் தண்ணீரில் மாட்டிக்கொண்டதாம். பாதி ஆயுளை ஸ்டியரிங்கில் கழித்தவனுக்கு எதற்கு ஆம்புலன்ஸ் என்று டாக்சியை எடுத்துவிட்டான்.

அடுத்த இரும்பு வளைவு மழைக்குள்ளிருந்து முளைத்து வந்தது. ரோட்டில் இரண்டே பாதை. வலது பாதையில் டேங்கர்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு போயின. இடது பாதையில் இவன் வண்டி. இடது பலகையில் எழுபத்தாறு.

"எழுவத்தி ஆறுப்பா."

கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது போல் இருந்தது. நீ ஒரு டிரைவர், அது ஒரு பலகை, எண்கள் சேர்ந்து வருவதில் என்ன அதிசயம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனாலும் அடுத்த வளைவு தூரத்தில் மின்னியதும் வாய் தானாகக் கேட்டது.

"ஏட்டி, இப்ப எவ்வளவு?"

"அதே எழுவத்தி ஆறுதான்."

பலகையில் அறுபத்தெட்டு எரிந்தது. அதை அவன் தூரத்திலேயே படித்துவிட்டான். வண்டி அதன் அடியில் நுழைந்தது. மேலே இரும்பில் மழை தடதடத்தது, ஒரு நொடி வண்டிக்குள் சத்தமே இல்லாமல் போயிற்று, பிறகு மழை திரும்ப வந்தது.

"இப்ப?"

ஷர்மிளா குனிந்து கிளிப்பைப் பார்த்தாள். "அறுவத்தி எட்டு. எப்பா, ஜல்தி போப்பா. அம்மா உதடு கருக்குது."

பலகைதான் முதலில். விரல் பிறகுதான்.

லைசென்ஸ் போனால் போகட்டும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தான். பின்னால் கேமரா வெள்ளையாய் வெட்டியது. வெட்டட்டும், எத்தனை படம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். முள் ஏறியது, சக்கரம் தண்ணீரைக் கிழித்தது. அப்போதுதான் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. இவ்வளவு சீக்கிரமா? கால் தானாகத் தளர்ந்தது. மெதுவாகப் போனால் ஆஸ்பத்திரி தள்ளிப்போகும். வேகமாகப் போனால் பலகை முந்திக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவே எந்த வேகத்தில் போவது என்று எந்தப் பலகையும் அவனுக்குச் சொல்லவில்லை.

இடது பக்கம் சேறும் சதுப்பும். வலது பக்கம் டேங்கர், அதற்கப்பால் சிமெண்ட் சுவர். ரோட்டிலிருந்து இறங்க வழியே இல்லை.

முன்னால் போன லாரி திடீரென்று தயங்கியது. ஒரு கணம் டேங்கர்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. யோசிக்காமல் ஸ்டியரிங்கை ஒடித்து வலது பாதைக்குள் புகுந்தான். தலைக்கு மேலே வளைவு கடந்துபோனது. இந்தப் பாதைக்கு உரிய பலகையில் தொண்ணூற்றொன்று.

"எப்பா!" ஷர்மிளாவின் குரல் துள்ளியது. "தொண்ணூத்தி ஒண்ணு! ஏறிட்டுப்பா!"

செண்பகவல்லி நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். முழு மூச்சு. பிறகு ஒரு விரலை உயர்த்தி முன் கண்ணாடியைக் காட்டினாள்.

"அந்தா... மேல இருக்குல்லா... அது..."

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறாள்.

"பேசாத ளா. இந்த லேன விட மாட்டேன். செத்தாலும் விட மாட்டேன்," என்றான்.

விடத்தான் வேண்டியிருந்தது. பின்னால் வந்த டேங்கர் டிரைவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஹாரனை அழுத்திக்கொண்டே நெருங்கினான்; விளக்குகள் பின் கண்ணாடி முழுவதையும் வெளுப்பாக்கின. முன்னால் போன டேங்கரோ பிரேக் அடித்தது. நடுவில் நசுங்குவதா, விலகுவதா? சுடலைக்கண்ணன் கெட்ட வார்த்தையில் கத்தியபடி இடது பக்கம் விலகினான். இடைவெளி உடனே மூடிக்கொண்டது. அதற்குள் இன்னொரு வளைவு. இடது பலகையில் ஐம்பத்தெட்டு.

செண்பகவல்லியின் தலை தொங்கியது. சீழ்க்கை நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இவ்வளவு நேரம் பயந்தவன், இப்போது அது கேட்காதா என்று காதைத் தீட்டினான்.

"எம்மா... எம்மா, முழிச்சிக்கோம்மா," என்று ஷர்மிளா அம்மாவின் கன்னத்தைத் தட்டினாள். "எப்பா, அம்பத்தி எட்டு. ஏதாவது பண்ணுப்பா!"

நிறுத்திவிடலாமா? ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? பின்னால் லாரி முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த வளைவு தெரிந்தது. வலது பலகையில் தொண்ணூற்று நான்கு. இடது பலகையில் எண் இல்லை. சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

பாதை மூடல் என்று அதற்கு அர்த்தம். முன்னால் தண்ணீர் தேங்கினால் போடுவார்கள். யாரும் மதிக்க மாட்டார்கள். அவனும் எத்தனையோ தடவை அதன் கீழே பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

இன்று முடியாது. இவளை வைத்துக்கொண்டு முடியாது.

வலது பக்கம் நெருக்கினான். டேங்கர் வழி விடவில்லை. கண்ணாடியை இறக்கி, "அரே பாய், பேஷன்ட் ஹை! பேஷன்ட்!" என்று கத்தினான். மழை அந்தக் குரலை விழுங்கியது. முழு வண்டி நுழைய இடமில்லை. பாதி வண்டிக்கு இருந்தது.

பாதி வண்டி போதும். மும்பையில் டாக்சி ஓட்டுகிறவனுக்கு அது கைவந்த வித்தை. எந்தப் பக்கம் வழி திறக்கும் என்று தெரியாதபோது வெள்ளைக் கோட்டை வண்டிக்கு நடுவயிற்றில் விட்டு, இரண்டு பாதையையும் பிடித்துவைத்துக்கொண்டு ஓட்டுவான். "எப்பா, கோட்டு மேல ஓட்டாத, லேன்ல போ" என்று ஷர்மிளா எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறாள்! அவன் சிரித்துவிட்டுக் கோட்டின் மேலேயே போவான்.

இப்போதும் கோட்டைப் பிடித்தான். வலது சக்கரங்கள் டேங்கர் பாதையில். இடது சக்கரங்கள் இந்தப் பாதையில். செண்பகவல்லி உட்கார்ந்த பக்கம் தொண்ணூற்று நான்குக்கு அடியில் வரும். வந்தது. இரும்பு கடந்தது. சத்தம் செத்தது. திரும்ப வந்தது.

"எவ்வளவு?" என்றான். "ஏட்டி, எவ்வளவு?"

"தொண்ணூத்தி நாலுங்க."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பேசியது செண்பகவல்லி. தெளிவாக, அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற குரலில். "மூச்சு நல்லா வருது. ஒண்ணும் இல்லைங்க. மெதுவாவே போங்க."

"ஆத்தா, சாமி," என்று முனகினான். "ஏட்டி ஷர்மிளா, பாத்தியா? அப்பா கோட்டு மேல ஓட்டுனா ஏசுவியே..."

ஷர்மிளா ஒன்றும் சொல்லவில்லை.

"தூங்கிட்டா போல," என்றாள் செண்பகவல்லி. "ஏளா. ஷர்மிளா. கையி என்ன இப்படிச் சில்லுனு..."

கண்ணாடியில் பார்த்தான். இறங்காத இடது கண்ணாடியில் ஷர்மிளாவின் நெற்றி சாய்ந்திருந்தது. அவள் வாய்க்கு நேரே கண்ணாடியில் ஆவி படியவில்லை. வண்டி குலுங்கும்போது தலை கண்ணாடியில் இடித்தது. இடித்துக்கொண்டே இருந்தது.

செண்பகவல்லி தன் விரலிலிருந்து கிளிப்பைப் பிடுங்கி மகள் விரலில் மாட்டினாள். எண் வரவில்லை. இரண்டு சின்னக் கோடுகள் வந்தன.

சுடலைக்கண்ணனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கோட்டுக்கு இடது பக்கம். பாதி வண்டி. மனைவிக்கு ஒரு பலகை. மகளுக்கு ஒரு பலகை. தன் கையால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து மகளை அதன் அடியில் கொண்டுபோயிருக்கிறான்.

அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் தொண்ணூற்றிரண்டு. இடது பக்கம் சிவப்பு.

"உன் பக்கம் இழு!" என்று அலறினான். "அவள உன் மடில இழுத்துப் போடு!"

செண்பகவல்லி இழுத்தாள். வளர்ந்த பிள்ளை, உடம்பு துவண்டு கனத்தது. மூச்சுக்குத் தவித்துத் தவித்து ஓய்ந்த கை அவளுடையது. இழுக்க வரவில்லை. ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு இழுப்பதை விட்டுவிட்டு மகளைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறினாள். இழுக்கத்தான் முடியவில்லை. தள்ள முடிந்தது. தள்ள வேண்டுமானால் இடது பக்கம் இருந்துதான் தள்ள வேண்டும்.

"வேண்டாம் ளா! செம்பகம், திரும்பி வா!"

"நேரா பாத்து ஓட்டுங்க." முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து மகளை வலது மூலைக்குத் தள்ளினாள். "கோட்ட விட்டுராதீங்க."

"திரும்பி வந்துரு..."

"கோட்ட விட்டுராதீங்கன்னேன்."

டேங்கர் உரசிக்கொண்டு வந்தது. பின்னால் லாரி. ஸ்டியரிங்கை ஒரு விரல்கடை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரோ ஒருத்தி போவாள். கண்ணாடியில் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் மல்லிகை கலைந்திருந்தது. அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். திருப்பவில்லை.

இரும்பு கடந்தது.

சத்தமில்லை.

மழை.

"எப்பா..."

கொட்டாவி விட்டு எழுந்தவள் குரல். ஷர்மிளா வலது மூலையில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள். மடியில் கிடந்த ஒரு கையை, அது தன் கை என்றே தெரியாமல், கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். விரலில் கிளிப் மினுங்கியது.

"தொண்ணூத்தி ரெண்டுப்பா!" என்று கத்தினாள். "அம்மாவுக்குத் தொண்ணூத்தி ரெண்டு ஆயிட்டு!"

அவளுக்குப் பக்கத்தில், இறங்காத கண்ணாடியில் சாய்ந்திருந்த செண்பகவல்லியின் திறந்த கண்களில், எதிரே வந்துகொண்டிருந்த அடுத்த பலகையின் சிவப்பு மெல்ல மெல்லப் பெரிதானது.