கத்தரிக்குத் தூவிய சாம்பல்

சாம்பல் தூவினால் புழு செத்து விழும். விழுந்ததை எறும்பு இழுத்துக்கொண்டு போகும். அன்று சாயங்காலம் சண்முகவள்ளி கத்தரிப் பாத்தியில் குனிந்து பார்த்தபோது தரையில் ஒரு புழுகூட இல்லை. எறும்பும் இல்லை. இலைகளின் அடிப்பக்கம் மட்டும் எச்சில் பட்டதுபோல் பிசுபிசுத்தது.

நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உச்சிப்புளிக்குத் தெற்கே, கடல்காற்று உப்பை வாரி இறைக்கும் கொல்லை அது. கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல் எல்லாம் அவள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. புருஷன் பூமிநாதன் செத்த பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தக் கொல்லைதான். கொழுந்தன் உக்கிரபாண்டிக்கு அதன்மேல் ஒரு கண். போன வாரம் வாசலில் வந்து நின்றான்.

"இந்தத் தடவ காய் இல்லன்னா, மதினி, நீங்க உங்க அய்யா வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். மண்ணு சும்மா கெடக்கலாமா?"

"நான் எங்கனயும் போறதா இல்ல" என்றாள். மறுநாளே செடியெல்லாம் புழு.

பிளாக் ஆபீசில் கேட்டுப் பார்த்தாள். பூச்சிப் பொடி தீர்ந்துவிட்டதாம். அடுப்புச் சாம்பலும் தீர்ந்தது. அப்போதுதான் பூவரசங்கிளையில், வாயைத் துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்த கலயம் கண்ணில் பட்டது. பூமிநாதனின் சாம்பல். ராமேஸ்வரம் கடலில் கரைக்க வேண்டியதை உக்கிரபாண்டி இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் மரத்திலேயே தொங்கியது.

கலயத்தை அவிழ்த்து இறக்கினாள். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"உசுரோட இருந்தப்ப ஒரு களை புடுங்கினதில்ல. இப்பவாச்சும் உழைங்க" என்று சொல்லி, அன்று விடியலில், பனி காயாத இலைகளின்மேல் கலயம் காலியாகும்வரை தூவினாள்.

இப்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து வீசிய காற்று சட்டென்று நின்று, பனையோலைச் சலசலப்பும் தூரத்து ரயிலின் ஓசையும் அடங்கிப்போக, கருகிய விறகும் நெய்யும் கலந்த வாடை மூக்கில் ஏறியபோது, அவரைப் பந்தலுக்குள் யாரோ எதையோ மெல்லும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம்.

கையோடு கொண்டுவந்திருந்த லாந்தரைத் தூக்கிப் பிடித்தாள்.

பந்தலுக்குள் ஓர் உருவம் குத்தவைத்திருந்தது. சாம்பல் நிறம். இலையைத் திருப்பியது. புழுவைக் கிள்ளியது. வாயில் போட்டது. அடுத்த இலை. புழு இல்லை. அடுத்தது. இல்லை.

பிறகு இலையையே கடித்தது.

ஓடலாம். ஓடினால் காலையில் கொல்லை மொட்டையாகக் கிடக்கும். கொழுந்தன் வந்து நிற்பான். அவள் ஓடவில்லை.

"இலையில வாய வைக்காதீங்க."

மெல்வது நின்றது. முகம் திரும்பியது. கண் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் குழிந்திருந்தது. வாய் மட்டும் ஈரம். திறந்தபடி.

"பசிக்குதா?"

தலை அசைந்தது.

சண்முகவள்ளி லாந்தரைத் தரையில் வைத்தாள். நாளைக்கு வாளி தூக்க வலக்கை வேண்டும். இடக்கையை நீட்டினாள்.

"இத எடுத்துக்கங்க. செடியத் தொடப்படாது."

குளிர்ந்த பற்கள் முழங்கைக்குக் கீழே பதிந்தன. வலக்கையால் பந்தற்காலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது மெல்லத் தொடங்கியது.