சுவிட்சில் தொங்கிய ஷூ

“அப்பா, நாம உருட்டின பந்து திரும்பி வருதே, அந்தப் பக்கம் யாரு உட்கார்ந்து தள்ளிவிடுறாங்க?”

மகள் ஒருமுறை கேட்டாள். “மெஷின்தான் கண்ணு” என்று சிரித்தார் மெக்கானிக். இன்று காலை, பௌலிங் கூடம் திறக்குமுன், யாருமே உருட்டாத பந்து ஒன்று முதல் லேனில் திரும்பி வந்து நின்றது. தொட்டுப் பார்த்தார். யாரோ வெகுநேரம் மடியில் வைத்திருந்ததுபோல வெதுவெதுப்பு.

இந்தக் கூடம் நான்கே லேன்களோடு தொடங்கியது. அப்போது மெஷின் கிடையாது. பின்னால் ஒருவர் குந்தியிருந்து, பந்து பட்டு விழுந்த கட்டைகளைக் கையால் நிமிர்த்தி, பந்தைத் திருப்பி அனுப்புவார். எல்லோருக்கும் அவர் கட்டைக்காரர். மெஷின் வந்த புதிதில், உள்ளே சிக்கிய கட்டையை எடுக்க அவர் குனிந்திருந்தபோது, யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அவர் உயிரோடு வெளியே வரவில்லை. அதன் பிறகுதான் இந்த வழக்கம்: உள்ளே போகிறவர் தன் ஷூ ஒன்றைக் கழற்றி சுவிட்சில் மாட்ட வேண்டும். ஷூ தொங்கினால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது. கூடம் பெரிதானது, வீடியோ கேம்கள், குழந்தைகளுக்குச் சறுக்குமரம், பிறந்தநாள் அறைகள் எல்லாம் வந்தன. கட்டைக்காரரை மறந்துபோனார்கள்.

சமீபத்தில் முதல் லேனின் பலகையைப் பெயர்த்தபோது, அடியில் அவருடைய ஒற்றை ஷூ கிடந்தது. “குப்பைல கடாசுங்கண்ணே” என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். மெக்கானிக்குக்கு மனம் வரவில்லை. துடைத்து, துணியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்து, “நல்லா இருங்கண்ணே” என்று கும்பிட்டார். அவ்வளவுதான்.

இப்போது, பந்து எப்படி வந்தது என்று பார்க்க, தன் ஷூவை சுவிட்சில் மாட்டிவிட்டு, முதல் மெஷினுக்குள் தலையை நுழைத்தார். எண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வாடை. பல்சக்கரங்களுக்கு இடையே பகலிலும் விலகாத இருட்டு. எங்கோ ஒரு பெல்ட்டின் முனகல். அதற்கும் அடியில், யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவதுபோல ஓர் ஓசை.

வெளியே காலடிச் சத்தம். வாடகை ஷூ கொடுக்கும் கவுன்டருக்குப் புதிதாக வந்த பெண்.

“நல்லாருக்கு போ! வாடகை ஷூவைக் காயப்போட இவங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?”

மெக்கானிக் போட்டிருந்தது கழித்துவிட்ட வாடகை ஷூ. குதிகாலில் அளவு எண்கூட அழியவில்லை.

“ஏம்மா! உள்ள ஆள் இருக்கேம்மா!”

முன்னால் பாட்டு அலறியது. சுவிட்சை உரசிக்கொண்டு ஷூ இறங்கியது. டக்.

மெஷின் உறுமியது. இரும்புக் கை இறங்கியது. கழுத்தை நோக்கி. கடவுளே. என் பிள்ளை.

நின்றது.

ஒரு விரல் இடைவெளி. இரும்பு நடுங்கியது. எதுவோ அதைப் பிடித்திருந்தது. காதருகே மூச்சிரைப்பு.

டக். சுவிட்ச் அணைந்தது.

பின்னால் தவழ்ந்து வெளியே வந்தார். யாரும் இல்லை. தொலைவில் கவுன்டரில் அந்தப் பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் ஷூவுக்கு நாற்றம் போக மருந்தடித்துக்கொண்டிருந்தாள்.

சுவிட்சில் கட்டைக்காரரின் ஷூ தொங்கியது. நாடா புதிதாக முடிச்சிடப்பட்டிருந்தது.

“அண்ணே...” கைகூப்பினார்.

ஷூ கனமாக ஆடியது. சொட்டியது.

அது காலியாக இல்லை.