குறுக்குக் காற்று

“ரெண்டு ஜன்னலையும் ஒரே நேரத்துல திறங்க, மேடம்.”

கேட்டுவிட்டேன். எங்கள் நாட்டில் யாரும் யார் வீட்டிலும் போய்க் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

மோல்தாவியப் பக்கம், எங்கள் ஊரான வாஸ்லூயில் பஸ் ஏற்றிவிடும்போது அம்மா கடைசியாகச் சொன்னதே இதைத்தான். “புக்கரெஸ்ட்ல வாடகையக் குறைக்கச் சொல்லு, சண்ட போடு, நறுக்குனு நாலு வார்த்த கேளு, பரவால்ல. ஆனா அடுத்தவங்க வீட்டுக்குப் போயி ரெண்டு ஜன்னலத் திறங்கன்னு மட்டும் சொல்லிராத. ஒன்ன வளத்த என்னயத்தான் திட்டுவாங்க.”

குரெண்ட் என்போம். மின்சாரத்துக்கும் அதே சொல்தான், வீட்டுக்குள் குறுக்கே பாயும் காற்றுக்கும் அதே சொல்தான். இரண்டுமே ஆளைக் கொல்லும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். காதில் புகுந்தால் வாய் கோணும். இடுப்பில் புகுந்தால் பிள்ளை பிறக்காது. ஆகஸ்ட் வெயிலில் பஸ்ஸுக்குள் வெந்து போவார்களே தவிர, எதிர்ப்பக்கக் கண்ணாடியை இறக்க விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். கட்டடத்துக்குள் காற்றும் சூடும் எப்படிப் போய்வர வேண்டும் என்பதுதான் நான் படித்த படிப்பு. அதை அம்மாவிடம் விளக்கினால், “அதெல்லாம் பரீச்சைக்கு. நீ காதப் பொத்திக்கிட்டு வெளிய போ” என்பாள்.

வீட்டுக்காரி கொர்னேலியா மேடம் காபித் தட்டோடு அப்படியே நின்றாள். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது புரிய வேண்டுமானால், அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததிலிருந்து சொல்ல வேண்டும்.

வேலை கிடைத்தது நகரத்தின் வடக்கு முனையில். திங்கட்கிழமை சேர வேண்டும். அதுவரை தோழி வீட்டுச் சமையலறைத் தரையில் படுக்கை. அவளும் முகம் சுளிக்கத் தொடங்கிவிட்டாள். என் கைக்கு எட்டியவை இரண்டே வீடுகள். ஒன்று தெற்கே, சுற்றுச்சாலைக்கும் அப்பால், சேற்றுக்கு நடுவே எழுப்பிப் பாதியில் விட்ட புதுக் கட்டடம். அங்கிருந்து வேலைக்குப் போவதென்றால் வாழ்க்கையில் பாதி வண்டிகளுக்கு நடுவிலேயே போய்விடும். இன்னொன்று இந்த வீடு. பெரிய சாலையின் மேலேயே, வாசலில் மெட்ரோ. “வீட்டப் பாக்காத, மெட்ரோவப் பாரு” என்றுதான் கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். மெட்ரோ வாசலில், இவ்வளவு மலிவாக ஒரு வீடு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஜனவரி மாதத்துச் சாயங்காலம். பஸ் நகரவே இல்லை. இறங்கி, உருகிய பனிச்சேற்றில் நடந்தே வந்தேன். மாடிப்படி ஏறும்போதும் ஹார்ன் சத்தம் காதில் குடைந்துகொண்டே வந்தது.

கொர்னேலியா மேடம் கதவைத் திறந்து என் ஷூவைப் பார்த்தாள். “மோல்தாவியப் பக்கமா? கால்லயே தெரியுது. சேத்த உள்ள கொண்டாராத, கண்ணு. அந்தச் செருப்பப் போட்டுக்கோ.”

ரோஜா நிறத்தில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு. காலை நுழைத்தேன்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் கழற்றி வைத்ததுபோல.

அவள் கதவைச் சாத்தினாள். சத்தம் செத்தது.

குறையவில்லை, செத்தது. ஜன்னலுக்குக் கீழே சாலை முழுக்க வண்டிகள், சிவப்பு விளக்குகள், கையை ஆட்டித் திட்டும் டிரைவர்கள். ஒரு முனகல்கூட மேலே வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல ஊர் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“கேக்குதா?” என்றாள் பெருமையாக. “ஒண்ணும் கேக்காது. மூணு அடுக்குக் கண்ணாடி. இடுக்கெல்லாம் நுரை அடிச்சு நானே அடச்சேன். இந்த வீட்டுல பத்த வெச்ச மெழுகுவத்தி அசையாது, பாத்துக்கோ.”

அவள் சமையலறைக்குப் போய்க் காபி போட்டாள். நான் பின்னாலேயே போனேன். சுவரில் பழைய கேஸ் ஹீட்டர் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, காற்று வருவதற்காகச் சட்டப்படி இருக்க வேண்டிய சுவர்த்துளை இல்லை. வால்பேப்பர் இருந்தது. பூப்போட்ட வால்பேப்பருக்கு அடியில் கம்பி வலையின் சதுரம் புடைத்துத் தெரிந்தது.

ஒரு மூலை மட்டும் பிய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிய கோடுகள்.

“போன வாடகைக்காரி செஞ்ச வேல” என்றாள் மேடம், நான் பார்ப்பதைப் பார்த்து. “ஊருக்குப் போயிட்டா. நீ போயி ரூமப் பாரு, போ.”

அறைக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு அலமாரி, எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள். கட்டிலில் உட்கார்ந்ததும் தலை கனத்தது. மெழுகுவர்த்தி அசையாத அந்த அறையில் என் பிடரியில் ஏதோ சில்லென்று பட்டது.

மூச்சு.

திரும்பினேன். யாரும் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்துகொண்டிருந்தது. யாரோ மிக அருகில் நின்று வாயைத் திறந்து ஊதுவதுபோல ஒரு வட்டம். வட்டத்துக்கு நடுவில் விரல்கள் தெரிந்தன. ஐந்து. பிறகு உள்ளங்கை.

அது வெளியிலிருந்து பதியவில்லை.

என் இடது காதோரம், ஈரமான குரலில், எங்கள் ஊர்ப் பேச்சில்:

“தெறந்து விடேன்.”

அலறவில்லை. எழுந்தேன். அம்மாவுக்கு போன் பேச வேண்டும் என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, ரோஜா நிறச் செருப்பை உதறி, என் ஷூவை மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரி படியில் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தாள். கம்பளி கவுன், தலையில் முடி சுருட்டும் கிளிப்புகள். என் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“நான் ஸாம்ஃபிரா. உக்காரு. அதுக்குள்ள பாத்துட்டியா? முன்னால வந்தவளுங்களுக்கு ஒரு வாரம் ஆச்சு.”

“யாருக்கா அது?”

“மினோதோரா. உங்க பக்கம்தான், பெர்லாத். ஆஸ்பத்திரியில நர்சு வேலைக்கு வந்த புள்ள. மெட்ரோ பக்கம்னு எடுத்தா.” புகையை விட்டாள். “அந்த வலையத் திறந்து விடுங்க, தல வலிக்குதுன்னு இவகிட்ட கெஞ்சிப் பாத்தா. இவ, அதுல குரெண்ட் அடிக்கும், என் சுவரு பாழாப் போகும்னா. போன குளிர்ல கேஸுதான் கொன்னுது. ஜன்னல் வரைக்கும் தவழ்ந்து வந்திருக்கா. கைப்பிடியத் திருகிக் கழட்டி வெச்சிருந்தா இவ.”

எரிகிற கேஸுக்கும் மூச்சு வேண்டும். காற்று கிடைக்காவிட்டால், அறையில் இருப்பவரின் மூச்சை எடுத்துக்கொள்ளும். வாசனை இருக்காது. இது நான் படித்தது. ஒருத்தி ஜன்னல்வரை தவழ்ந்து வந்திருப்பாள் என்று படித்ததில்லை.

“தட்டலையாக்கா? கத்தலையா?”

“கத்தாம இருப்பாளா? கீழ அத்தன வண்டி, அத்தன ஜனம். எனக்கே கேக்கல, எதிர்க் கதவுல இருக்கேன்.” சாம்பலைத் தட்டினாள். “பெரிய கூத்தே அப்புறம்தான். ஆளுங்க வர்றதுக்குள்ள வலையத் திறந்து, கைப்பிடிய மாட்டி, ஜன்னலத் திறந்து வெச்சுட்டா. எல்லாரும் போனப்புறம் பழையபடி அடச்சுக்கிட்டா, அது வேற. புள்ளயோட அம்மா வந்து விழுந்து அழுவுது. இவ தோளத் தடவி என்ன சொன்னா தெரியுமா? ‘ரெண்டு ஜன்னலயும் திறந்து போட்டுப் படுத்துட்டா, குரெண்ட் அடிச்சுருச்சும்மா. நான் எத்தன வாட்டி சொன்னேன்’ங்கிறா.”

“அந்தம்மா?”

“நம்பிருச்சு. யாருதான் நம்ப மாட்டா? செத்த புள்ளயத் திட்டிக்கிட்டே ஊருக்குத் தூக்கிட்டுப் போச்சு. சொல்பேச்சு கேக்காத கழுதன்னு.”

என் அம்மாவும் நம்பியிருப்பாள். என் பிணத்தைத் திட்டியிருப்பாள். காதைப் பொத்தச் சொன்னேனே என்று.

அந்த நினைப்பில்தான் எனக்குப் பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது பயத்தைவிடச் சூடாக இருந்தது. உள்ளே போனேன். ஷூவைக் கழற்றவில்லை. வாசற்கதவைச் சாத்தவும் இல்லை. சேற்றுக் காலோடு நடு அறையில் நின்று கேட்டேன், ரெண்டு ஜன்னலையும் ஒரே நேரத்துல திறங்க என்று.

“பைத்தியமா நீ?” கொர்னேலியா மேடம் காபித் தட்டை மேசையில் வைத்தாள். “குளிர்காலத்துல குரெண்ட் கேக்குற. ஒன்ன ஒழுங்கா வளக்கல?”

“வளத்தாங்க. மினோதோராவையும் வளத்தாங்க.”

அவள் முகத்தில் ஒரு சதைகூட அசையவில்லை. சால்வையைக் கழுத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஓ, அந்த ஸாம்ஃபிரா ஊதிட்டாளா? இங்க பாரு கண்ணு. அந்தப் பொண்ணு தானாத் தேடிக்கிட்டா. ஜன்னலத் திறந்து போட்டுத் தூங்கினா, காத்தடிச்சு செத்தா. கிராமத்துக் கழுதைங்களுக்கு வீடு குடுத்தா இப்படித்தான்.”

திரைச்சீலை எழுந்தது.

நுரையடித்து அடைத்த அறையில், தரையைத் தொட்டுத் தொங்கிய கனத்த திரை, மூச்சிழுத்த மார்பைப்போல மெல்லப் புடைத்து எழுந்தது.

மேடத்தின் கை தானாகக் காதுக்குப் போனது. “எங்கருந்து அடிக்குது?”

எனக்கு அடிக்கவில்லை. என் தலையில் ஒரு முடிகூட ஆடவில்லை. அவள் நரைமுடி மட்டும் பக்கவாட்டில் படபடத்தது. வலது காதைப் பொத்தினாள், இடது பக்கம் பறந்தது. சால்வையைச் சுற்றினாள். அது அவிழ்ந்து விழுந்தது. ஒரு ஜன்னலுக்கு ஓடி விளிம்பெல்லாம் தடவினாள், பிறகு மற்றதற்கு.

“எல்லாம் மூடித்தான இருக்கு! எங்கருந்து அடிக்குது!”

கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. அவள் இரண்டு கைகளாலும் சட்டத்தை அழுத்திக்கொண்டு நின்றாள், விரல் நிறைய மோதிரங்களோடு. அந்தக் கைகளின் மேல் இன்னும் இரண்டு கைகள் இருந்தன.

மெலிந்தவை. நகங்களில் வெள்ளை நுரைத் துணுக்குகள்.

கண்ணாடியில் மேடத்தின் தோளுக்கு மேலே ஒரு முகம். வியர்வையில் ஒட்டிய முடி, நீலம் பாய்ந்த உதடு, என் வயசு. அது மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது.

மேடம் கையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. எதனால் வரவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் திறந்தே விட்டு வந்த வாசற்கதவு மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது.

“கதவு!” என்று கத்தினாள். “அந்தக் கதவுலருந்துதான் வருது! போயிச் சாத்து!”

வாசலுக்குப் போனேன். சமையலறையைத் தாண்டும்போது பார்த்தேன். ஹீட்டரின் நெருப்பு நீலமாக இல்லை. மஞ்சளாகி, நாக்கை நீட்டி, காற்றைத் தேடிக்கொண்டிருந்தது.

நிலைப்படியில் நின்றேன். அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடலாம். வால்பேப்பரைக் கிழிக்கலாம். என்னென்ன செய்ய வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

காதோரம் அந்த ஈரக்குரல் மறுபடி வந்தது. இந்த முறை வேறு சொல்.

“சாத்து.”

உள்ளேயிருந்து கொர்னேலியா மேடமும் அதையேதான் கத்தினாள். “சாத்துடி! காத்தடிக்குது, சாத்துடி!”

சாத்தினேன்.

சத்தம் செத்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் மெதுவாக, எண்ணெய் போட்டதுபோல, நகர்ந்து விழுந்தது. அவள் அங்கே ஜன்னலோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

ஸாம்ஃபிரா அக்கா படியிலேயே இருந்தாள். “பேசி முடிச்சாச்சா? எடுக்குறியா?”

“இல்லக்கா.”

“அவ?”

“கதவச் சாத்தச் சொன்னா. சாத்திட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது. சிகரெட்டைப் படியில் தேய்த்து அணைத்துவிட்டு எழுந்தாள். “வெளிய குளிரு, பாத்துப் போ” என்று சொல்லித் தன் வீட்டுக்குள் போய்த் தன் கதவையும் சாத்திக்கொண்டாள்.

கீழே ஹார்ன் சத்தம் முகத்தில் அறைந்தது. ஒரு தடவைதான் அண்ணாந்து பார்த்தேன். அந்த ஜன்னல் பால்போல வெளுத்திருந்தது. மோதிரம் போட்ட இரண்டு கைகள், இப்போது சட்டத்திலிருந்து விடுபட்டு, கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தன, சத்தமே இல்லாமல். அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு உள்ளங்கை, அவசரமே இல்லாமல், பதிந்திருந்தது.

சாலையில் நின்ற வண்டிகளில் ஒரு தலைகூட மேலே நிமிரவில்லை.

தெற்கே போகும் பஸ் நகராமல் நின்றது. நான் அதற்குக் காத்திருக்கவில்லை. வண்டிகளுக்கு நடுவில் புகுந்து நடந்தபடியே, சுற்றுச்சாலைக்கு அப்பால் வீடு வைத்திருப்பவருக்கு போன் போட்டேன்.

“ஸ்மராந்தா பேசுறேன் சார், முந்தாநாள் பாக்க வந்தேனே. வீட்ட நான் எடுத்துக்குறேன். ஜன்னலு சரியா மூடாது, ஆள் விட்டுச் சரி பண்ணித் தர்றேன்னீங்கள்ல?”

மரத்தில் ஒரு குச்சிகூட அசையவில்லை. என் இடது காது மட்டும் சில்லென்றிருந்தது. அம்மா கொடுத்த சால்வையை அந்தப் பக்கம் இழுத்து மூடாமல் நடந்தேன்.

“அதச் சரி பண்ணாதீங்க.”