நாளைக்கு மூணு வேளை

கிர்ஸ்டனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

அன்று வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கே அவளுடைய மூக்கு சிவந்துவிட்டது. காரணம் கம்பவுண்டர் தேவசகாயம். அவர் மட்டும் இல்லை. அம்மாவும்தான்.

கிர்ஸ்டன் செஞ்சியில் பிறந்தவள். வயது பத்து. அப்பா டென்மார்க்கிலிருந்து வந்த மிஷன் பாதிரியார். அம்மா டாக்டர். இவர்கள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு வேப்பமரம்தான் இருந்தது. டென்மார்க்கை ஜெர்மன்காரர்கள் பிடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அங்கிருந்து கடிதமே வருவதில்லை. கிர்ஸ்டனுக்கு டென்மார்க் என்பது சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஒரு பச்சைத் துண்டு, அவ்வளவுதான்.

வீட்டில் அவர்கள் டேனிஷ் பேசுவார்கள். அந்தப் பாஷையில் அம்மாவுக்கு 'மோர்' என்று பெயர். சமையல் செய்யும் லூர்துமேரி புதிதாக வேலைக்கு வந்தபோது, கைக்குழந்தையாக இருந்த கிர்ஸ்டன் "மோர்! மோர்!" என்று அழும்போதெல்லாம் ஒரு டம்ளர் மோரோடு ஓடி வந்தாள். நான்கு நாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. அதற்குள் குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது.

கிர்ஸ்டன் என்ற பெயரும் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோருக்கும் அவள் கிருஷ்ணம்மா. பாதிரியார் வீட்டில் ஒரு கிருஷ்ணம்மா! அப்பா முதலில் திருத்திப் பார்த்தார். பிறகு அவரே ஒரு நாள் தெருவில் நின்று, "எங்க கிருஷ்ணம்மாவைப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

தூரத்து மலை மேலிருக்கும் விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்ததால் கிர்ஸ்டன் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். மழைக்காலம் முடிந்த சமயம். ஊரெல்லாம் மலேரியா. வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. கொயினா மாத்திரையோ கிடைப்பதே இல்லை. சண்டை நடக்கிறது, கப்பல் வரவில்லை என்றார்கள். அம்மா ஒவ்வொரு மாத்திரையையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள்.

வரிசையில் ராயம்மாள் வந்தாள். தோளில் அவள் மகள் ரோஸ்மேரி துவண்டு கிடந்தாள். ரோஸ்மேரி கிர்ஸ்டனின் சிநேகிதி. இரண்டு பேரும் கோட்டைப் பாறைகளுக்குள் புகுந்து சீதாப்பழம் பறிப்பார்கள். இன்று ரோஸ்மேரி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"மறுபடியும் காய்ச்சலா?" என்றாள் அம்மா. "போன வாரம் பதினைந்து மாத்திரை கொடுத்தேனே. எல்லாம் தீர்ந்துவிட்டதா?"

"இல்லீங்க, மீதி இருக்குது" என்று ராயம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே பன்னிரண்டு மாத்திரைகள் இருந்தன.

தேவசகாயம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பதுக்கல்!" என்று கத்தினார். "அரிசியப் பதுக்குறான், சக்கரையப் பதுக்குறான், இப்ப கொயினாவுமா? புள்ளைக்குக் குடுக்காம முந்தானையில முடிஞ்சி வச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, இல்லீங்க! தொரசாணி சொன்னபடிதான் குடுத்தேன். ஒண்ணுகூடத் தப்பாக் குடுக்கல!"

"நான் சொன்னபடியா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "பதினைந்து கொடுத்தேன். நீ மூன்று கொடுத்தாய். பொய் சொல்லாதே. இனி உனக்கு மாத்திரை கையில் தர மாட்டேன். மூன்று வேளையும் பிள்ளையை இங்கே தூக்கி வா. என் எதிரில் விழுங்கட்டும்."

ராயம்மாள் பன்னிரண்டு மாத்திரைகளையும் மேஜைமேல் வைத்தாள். மகளைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அப்போதுதான் கிர்ஸ்டனின் மூக்கு சிவந்தது.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டைத் தொடவில்லை. அப்பா சைக்கிளில் அனந்தபுரம் பக்கம் போயிருந்தார். அதனால் அம்மாவும் அவளும்தான்.

"ராயம்மாள் பொய் சொல்ல மாட்டாள்" என்றாள் கிர்ஸ்டன்.

"மாத்திரையை நீயும்தானே பார்த்தாய்."

"பார்த்தேன். ஏன் மீந்தது என்று நீ கேட்டாயா? கேட்கவே இல்லை! அந்தக் கம்பவுண்டர் கத்தினார், நீயும் கூடச் சேர்ந்து கத்தினாய். ரோஸ்மேரிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

"கிர்ஸ்டன், எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? இப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஒரு நாள் சாப்பிடுகிறார்கள், நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சலோடு திரும்பி வருகிறார்கள். சொன்னால் கேட்பதே இல்லை."

"எல்லோருமா?"

"பாதிப் பேராவது இருக்கும்."

பாதி ஊரே சொன்ன பேச்சைக் கேட்காதா? அது எப்படி? கிர்ஸ்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே போகிறாய்?"

"நீ கேட்காததைக் கேட்கப் போகிறேன்."

லூர்துமேரி பின்னாலேயே ஓடிவந்து தொப்பியை அவள் தலையில் மாட்டிவிட்டாள்.

ராயம்மாளின் வீடு ராஜகிரி மலையடிவாரத்தில் இருந்தது. கிர்ஸ்டன் வேகுவேகென்று நடந்தாள். வழி முழுக்கத் தேவசகாயத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனாள். டேனிஷில் திட்டு போதவில்லை. அதனால் தமிழுக்கு மாறினாள்.

ராயம்மாள் வாசலில் நின்று அவளை மறித்தாள்.

"இன்னாத்துக்கு வந்த? இன்னும் கொயினா ஒளிச்சி வச்சிருக்கேனான்னு பாக்க உங்கம்மா அனுப்பிச்சாங்களா?"

"இல்ல அக்கா. நானாத்தான் வந்தேன். அவங்க பேசினது தப்பு. எனக்கும் கோவம்தான்."

ராயம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காதும் மூக்கும் தக்காளியாகச் சிவந்திருந்தன. வழியை விட்டாள். உள்ளே ரோஸ்மேரி பாயில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கி எங்கம்மா இன்னா சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

ராயம்மாள் முதுகை நிமிர்த்தி, டாக்டரம்மா போலவே மூக்கால் பேசிக் காட்டினாள். "'நாளைக்கு மூணு வேளை.' அவ்ளோதான். அன்னிக்கி ராத்திரி புள்ள ஒடம்பு கொதிச்சிது. மாத்திரை கையில இருக்குது. குடுக்கலாமான்னு மனசு அடிச்சிக்குது. தொரசாணி நாளைக்குன்னு சொல்லிட்டாங்களே, இன்னிக்கே குடுத்தா ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து விடியவிடிய உக்காந்திருந்தேன். விடிஞ்சதும் குடுத்தேன். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, பொழுதுபோனப்புறம் ஒண்ணு. காய்ச்சல் விட்டுடுச்சி. மீதிய ஒருத்தரும் தொடாம முடிஞ்சி வச்சேன். இது பதுக்கலா?"

கிர்ஸ்டன் அதையே மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

நாளைக்கு. அம்மா சொன்னது ஒரு நாளைக்கு. ராயம்மாள் கேட்டது மறுநாளைக்கு!

அடுத்த நொடி இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவள் காதில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்துவிட்டது.

அம்மாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மேல்சித்தாமூர் தர்மநாதன் வாத்தியார். சுத்தமான இலக்கணத் தமிழ். அதனால் அம்மா முன்பெல்லாம், "நாளொன்றுக்கு மும்முறை உட்கொள்வீராக" என்றுதான் சொல்வாள். நோயாளிகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஏதோ ஜெபம் என்று நினைப்பு. போன லீவில் அதைக் கேட்ட கிர்ஸ்டன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ, யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்! 'நாளைக்கு மூணு வேளை' என்று சொல்லு. எங்கே, சொல்லு!"

பத்துத் தடவை சொல்ல வைத்தாள். அம்மாவும் நல்ல மாணவியாகக் கற்றுக்கொண்டாள். அந்த 'ஒரு'வை விழுங்கியது அம்மா இல்லை. கிர்ஸ்டன்!

இவ்வளவு நேரம் தேவசகாயத்துக்குக் கொடுத்த திட்டையெல்லாம் இப்போது யாருக்குக் கொடுப்பது?

"அக்கா, தப்பு என்னுது" என்றாள். முழுவதையும் சொன்னாள்.

ராயம்மாள் மகளுக்குப் புடவையை இழுத்துப் போர்த்திவிட்டாள். பிறகு, "நீ சின்னப் புள்ள. ஒரு வார்த்த தவறிப் போச்சி" என்றாள். "ஆனா எனக்கே சந்தேகம் வந்து அந்தக் கம்பவுண்டர்கிட்ட, 'இன்னிக்கி வாணாமா?'ன்னு கேட்டேன். 'சொன்னத செய், போ போ'ன்னு வெரட்டினாரு. அது யார் தப்பு?"

கிர்ஸ்டனின் காது மறுபடியும் சிவந்தது. அவள் ஓட்டமாக வீட்டுக்குத் திரும்பினாள்.

அம்மா வேப்பமரத்தடியில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கிர்ஸ்டன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். முதலில் தன் தப்பைச் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தப்பான வார்த்தையை நான்தான் உனக்குக் கொடுத்தேன். ஆனால் மோர், 'பொய் சொல்லாதே' என்று சொன்னது நீ. அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை."

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ராத்திரி முழுக்க மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா?"

"ஆமாம்."

"நான் சொன்னேன் என்பதற்காகவா?"

"நீ சொன்னாய் என்பதற்காகத்தான்."

அம்மா முகத்தை மேலங்கியால் துடைத்துக்கொண்டாள். பிறகு, "தேவசகாயம்! மருந்துப் பெட்டியை எடும்!" என்று கூப்பிட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் பறந்தன.

விஷயத்தைக் கேட்ட தேவசகாயம் சும்மா இருக்கவில்லை. "அதெப்படிங்க? நாளைக்குன்னா அர்த்தம் தெரியாதா? நாளைக்கின்னா..." அப்படியே நின்றுவிட்டார். விரலை விட்டு எண்ணுவதுபோல ஏதோ செய்தார். "அட ஆண்டவரே" என்றார். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராயம்மாள் வீடு வரை அம்மாவுக்கும் கிர்ஸ்டனுக்கும் பின்னாலேயே நடந்தார்.

அம்மா பாயருகில் மண்தரையில் உட்கார்ந்து ரோஸ்மேரிக்கு முதல் மாத்திரையைக் கொடுத்தாள். காலையில் திரும்பி வந்த பன்னிரண்டோடு மூன்றைச் சேர்த்து, மீதிப் பதினான்கையும் ராயம்மாளின் கையில் வைத்தாள்.

"ராயம்மாள், என்னை மன்னிக்க வேண்டும். நீ சொன்னது உண்மை."

"மன்னிக்கிறதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் ராயம்மாள். "திட்டுனது அத்தினி ஜனங்க முன்னாடி. மன்னிப்பு மட்டும் யாருக்கும் தெரியாம என் வூட்டுக்குள்ளயா?"

தேவசகாயம், "என்ன பேச்சு பேசுற..." என்று ஆரம்பித்தார். கிர்ஸ்டன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கைப் பார்த்ததும் அவர் நிறுத்திக்கொண்டார்.

"சரி. நாளைக்குக் காலையில்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுத் தயங்கினாள். "விடிந்தால் வரும் நாளைக்கு."

ராயம்மாளுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் வரிசை வழக்கம்போல கேட்டைத் தாண்டி நின்றது. அம்மா பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். பக்கத்தில் ராயம்மாள். கீழே தேவசகாயம், தன் காலையே பார்த்தபடி.

"நேற்று இவளைப் பொய்க்காரி என்றேன். இவள் நான் சொன்னதை ஒரு எழுத்துகூடத் தப்பாமல் செய்தாள். நான்தான் தப்பாகச் சொன்னேன்."

தேவசகாயம் தொண்டையைக் கனைத்தார். "பதுக்கல்னு சொன்னத நான் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

"கேக்கல!" என்று வரிசைக் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வாபஸ் வாங்கிக்கிறேன்!" என்று கத்தினார்.

"இனி எப்படிச் சொல்ல வேண்டும்? நீயே சொல்" என்று அம்மா ராயம்மாளைக் கேட்டாள்.

"தெனம்னு சொல்லுங்க. இன்னிலேர்ந்து தெனம் மூணு வேளை, மாத்திரை தீர்ற வரைக்கும்."

"தெனம்" என்றாள் அம்மா. "தெனம். தெனம்."

அப்போது வரிசையில் நின்ற இளையபெருமாள் மெதுவாகத் தன் இடுப்பு வேட்டி மடிப்பை அவிழ்த்தார். ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வந்தது.

"அப்ப இதுவும் தீர்ற வரைக்குமாங்க? நான் ஒரு நாள் சாப்ட்டு வச்சிட்டேன்."

அவருக்குப் பின்னால் மீனம்பாள் சுருக்குப்பையைத் திறந்தாள். அடுத்து ரஞ்சிதம் முந்தானையை அவிழ்த்தாள். இன்னொரு முடிச்சு, இன்னொரு பொட்டலம். கேட்டு வரைக்கும் முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டே போயின. அத்தனையும் கொயினா! சொன்ன பேச்சைக் கேட்காத ஊர் என்று அம்மா நினைத்த ஊர், சொன்ன சொல்லுக்காகக் காய்ச்சலோடு காத்திருந்திருக்கிறது.

அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிர்ஸ்டன் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து நாளில் பதினைந்து மாத்திரையும் தீர்ந்தது. ஆறாம் நாள் ரோஸ்மேரி தானே நடந்து வந்தாள். மெலிந்துதான் இருந்தாள், ஆனால் கை நிறைய சீதாப்பழம். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "லூர்துமேரி, இந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்கு வெல்லப் பாயசம்!" என்றாள்.

கிர்ஸ்டனும் ரோஸ்மேரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பாயசம் வந்தது. குடித்தார்கள். அதற்கு மறுநாளும் இரண்டு பேரும் டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்கள்.

"இன்னா இது?" என்றாள் லூர்துமேரி. "நேத்துதானே குடிச்சீங்க?"

"டாக்டரம்மாவே சொன்னாங்களே" என்றாள் ரோஸ்மேரி, முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு. "ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் பாயசம்னு."

"தீர்ற வரைக்கும்" என்றாள் கிருஷ்ணம்மா.