பாலத்தடியில் ஒரு கண்கட்டு நடை

மாலை வெயில் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் மேம்பாலத்துக்குக் கீழே கார் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று செத்துப்போனது. அண்ணன் ஹெட்லைட்டைப் போட்டான். தங்கை கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அதற்குள் ஈரச் சுவரின் வாடையும் புறா எச்சத்தின் நெடியும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன.

"இந்த வருஷக் கணக்குல இந்த ஒரு ரோடுதான் பாக்கி பாப்பா. வேலைக்கு வர்ற பசங்க ரெண்டு பேரும் லீவு. உன்ன விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தச் சாலைக்கு மட்டும் வரமாட்டேன் என்று ஒரு வருஷமாக ஒற்றைக்காலில் நின்றவள். அவளுடைய கணவர் செத்தது இங்கேதான்.

அண்ணனின் சின்னக் கம்பெனியில் அவர்களுடைய பிழைப்பே நடப்பதுதான். நகராட்சிக்காக ஒவ்வொரு சாலையாக நடந்து பார்த்து, நடந்து போகிறவர்களுக்கு அது எவ்வளவு தோது, எவ்வளவு ஆபத்து என்று மதிப்பெண் போடுவார்கள். நடைபாதையின் உயரம், குழி, குறுக்கே நிற்கும் கம்பம் எல்லாம் பார்த்த பிறகு கடைசியில் வருவது கண்கட்டு நடை. ஒருவர் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு கோலோடு நடந்து சாலையைக் கடப்பார். இன்னொருவர் பின்னாலேயே வந்து இரண்டு பேருக்கும் சேர்த்துக் கண்ணாக இருப்பார். ‘வா’, ‘நில்லு’, அவ்வளவுதான் பேச்சு. அண்ணனாக இருந்தாலும் முதலாளியாக இருந்தாலும் அந்த நேரத்தில் ‘வாங்க’, ‘நில்லுங்க’ எல்லாம் கிடையாது. குரல் கொடுக்கிறவர் உட்காரக் கூடாது, போனைத் தொடவே கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவரே அவள் கணவர்தான்.

அப்படிப்பட்ட மனுஷன் வேலை முடிந்து டீ குடிக்கப் போகும்போது, போனில் பேசிக்கொண்டே சாலையில் இறங்கி லாரியில் அடிபட்டார். அண்ணன் அப்படித்தான் சொன்னான். கூட இருந்தவன் அவன் ஒருவன்தான். ஊருக்கெல்லாம் பார்த்து நடக்கச் சொன்னவருக்குத் தான் பார்த்து நடக்கத் தெரியவில்லையே என்று முதலில் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் மோசம். உயிரையே மறந்து யாரிடம் அப்படி என்ன பேச்சு? அன்றைக்கு அவர் அவளைப் போனில் அழைக்கவில்லை. அந்தச் சந்தேகம் கறையான் மாதிரி உள்ளுக்குள் அரித்தது. ஒரு நாள் அவர் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள்.

மினுங்கும் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றாள். எதிரே தூணோரம் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டயரை உருட்டிக்கொண்டே அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் அவள் கண்ணில் துணியைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"பயப்படாத. நான் பின்னாடியே இருக்கேன்."

கும்மிருட்டு.

காலடியில் ஒரு கல் ஆடியது. வண்டிச் சத்தம் தூண்களில் மோதி மோதித் திரும்பியது. லாரி முன்னால் போகிறதா, பின்னால் வருகிறதா, தலைக்கு மேலேதான் ஓடுகிறதா என்றே பிடிபடவில்லை. தலைக்கு மேல் எங்கோ புறா ஒன்று சிறகடித்து அடங்கியது. கோலின் நுனி நடைபாதை விளிம்பைத் தாண்டி வெறுங்காற்றில் துழாவியபோது அவள் நின்றாள்.

"வா" என்றது அண்ணன் குரல்.

கொஞ்சம் எட்டத்திலிருந்து வந்தது போலத்தான் இருந்தது. ஆனாலும் அண்ணன் குரலாயிற்றே. காலைத் தூக்கினாள்.

நெஞ்சில் ஒரு கை பதிந்தது.

விரல்களை அகல விரித்த கை. ஈரமாக, சில்லென்று.

"நில்லு."

காதோரம்தான் கேட்டது. ஆனால் மூச்சுக்காற்று படவில்லை.

அடுத்த கணம் லாரியின் காற்று முகத்தில் ஓங்கி அறைந்தது. கையிலிருந்த கோல் படாரென்று முறிந்தது.

துணியைப் பிய்த்து எறிந்தாள். முன்னால் ஒருவரும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். அண்ணன் காருக்குள் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்திருக்க, ஒரு கால் வெளியே இருந்தது. காதில் போன்.

"ஐயோ பாப்பா!" என்று ஓடி வந்தான். "ஒண்ணும் ஆகலயே? ஒரே ஒரு போனுதான், சட்டுனு பேசிட்டு வந்துரலாம்னு..."

"என்னப் புடிச்சு நிறுத்துனது யாரு?"

"யாரு? இங்க யாருமே இல்லியே."

"ஏன் சார் இல்லாம?" பஞ்சர் கடைக்காரர் குரல் கொடுத்தார். "அந்தத் தம்பிதாம்மா நிறுத்துனாரு. உங்கள மாதிரியே பச்சைக் கோட்டு. நான் இங்க கடை போட்டு ஆறு மாசமாச்சு, அப்போலேருந்து பாக்கறேன், சாயங்காலம் ஆனா இந்த ஓரத்துல வந்து நிப்பாரு. யாருகிட்டயும் பேச மாட்டாரு. கண்ணக் கட்டிக்கிட்டு லாரி வர்றது எப்படித்தான் தெரிஞ்சுதோ!"

"கண்ணக் கட்டியிருந்தாரா?"

"ஆமாம்மா. நீங்க கட்டியிருந்தீங்களே, அதே மாதிரி கறுப்புத் துணி."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"வேலை முடிஞ்சு டீ குடிக்கப் போனோம்னுதானே சொன்ன?"

அவன் போனைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"சொல்லுண்ணா."

"வேலை முடியல பாப்பா." பேச்சு கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "நான்தான் வான்னு சொன்னேன். கார்லேருந்து. முக்கியமான ஆளு போன்ல இருந்தாரு, ரோட்ட நான் பாக்கல. கூட்டம் கூடறதுக்குள்ள மாப்ள கண்ணுலேருந்து துணிய அவுத்துட்டேன். அவரு போன எடுத்து அவரு கையில வச்சேன். விஷயம் வெளிய தெரிஞ்சா கம்பெனியே போயிருக்கும். உனக்கும் சேத்துத்தானே நான்..."

"எனக்கா?"

அப்பா அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன். அவன் சொல்லை வேதவாக்காக நம்பி, நம்ப வேண்டியவரைச் சந்தேகப்பட்டாள். செத்தவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட இடம் வைக்காமல் செய்துவிட்டான்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியே. அதுவும் போதாதுன்னு அதே இடத்துல என்னையும் கொண்டாந்து நிறுத்தி, இன்னைக்கும் அதே போனு!"

அவன் கையைப் பிடிக்க வந்தான். உதறினாள். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம் இருந்தது. யாருக்காகவும் வண்டி நிற்காத சாலை. விளிம்பில் நின்று, பார்வை இல்லாதவர்களை அழைத்துப் போகும்போது செய்வதுபோல முழங்கையைப் பக்கவாட்டில் நீட்டினாள்.

"வாங்க, போலாம்" என்றாள் மெதுவாக. ஒரு வருஷத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

சில்லென்ற விரல்கள் முழங்கையைப் பற்றின.

இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒரு வேன் டிரைவர் அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "மெதுவா, மெதுவா" என்று கை காட்டினார். அழுதுகொண்டே கடந்தாள்.

"பாப்பா!"

மறுபக்கம் ஏறித் திரும்பினாள். வண்டிகள் மறுபடி சீறிக்கொண்டிருந்தன. அண்ணன் அந்த ஓரத்திலேயே நின்றான். கண்கள் அகலத் திறந்திருந்தன. கண்ணில் துணி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு கைகளும் பின்னந்தலையில் எதையோ பிடித்து நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தன.

"யாரு விளக்க அணைச்சது? ஒண்ணுமே தெரியல பாப்பா. இந்த முடிச்சு அவுர மாட்டேங்குது!"

ஒரு காலை நீட்டிக் கீழே துழாவினான்.

"வரட்டுமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் என்ன வார்த்தை வந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"நில்லு."

அவளுக்குப் பக்கத்திலிருந்துதான் வந்தது. கோபமில்லாத, வேலை நேரத்துக் குரல். அண்ணன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் வண்டிகள் குறைந்தன. அப்புறம் ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. தவழும் குழந்தைகூடப் பத்திரமாகக் கடந்துவிடலாம்.

"இப்பவாவது வரட்டுமா மாப்ள?" அண்ணன் தேம்பினான்.

"நில்லு."