உச்சிவேளையில் பக்கம் புரட்டிய கை

செங்கரட்டு நூலகத்தில் பேய் புகுந்துவிட்டது என்ற செய்தி முதலில் டீக்கடைக்குத்தான் போனது. டீக்கடைக்குப் போன செய்தி ஊரைச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ ஆறுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆனால் அந்தப் பேயின் கையை நேரில் பார்த்தவள் சத்யபிரியா. அதனால் அவளிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகிற வழியில் இருக்கிற சின்ன ஊர் செங்கரடு. அங்கே ஒற்றை அறையில் ஒரு நூலகம். காலை எட்டு முதல் பதினொன்று வரை, சாயங்காலம் நாலு முதல் ஏழு வரை திறந்திருக்கும். நடுவில் பூட்டு. ஆறாம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் இருந்த சத்யபிரியாவுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்திருந்தது. சம்பளம் கிடையாது. சாக்பீஸ் மட்டும் வேண்டிய அளவு கிடைக்கும்.

பெரியவர்களுக்கென்று பன்னிரண்டு புதுப் புத்தகங்கள் வந்திருந்தன. கதைப் புத்தகங்கள் இல்லை. எல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லும் புத்தகங்கள். ஆழ்கடலைப் பற்றி ஒன்று, தேனீக்களைப் பற்றி ஒன்று, எரிமலை, எலும்பு, மூளை என்று ஒவ்வொன்றும் ஒரு விஷயம்.

"பெரியவங்க ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க சத்யா," என்றார் நூலகர் ஜெஸ்ஸி அக்கா. "நீ படிச்சுப் பாத்து, போர்டுல ஆளை இழுக்குற மாதிரி நாலு வரி எழுது."

சத்யபிரியா எழுதினாள். "ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். மற்ற விவரம் உள்ளே." "தேனீ நடனமாடி வழி சொல்லும். நம் ஊரில் கையை நீட்டிக்கூடச் சொல்வதில்லை. அவசியம் படியுங்கள்."

பெரியவர்கள் வந்தார்கள். போர்டைப் பார்த்தார்கள். செய்தித்தாள் படித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஜெஸ்ஸி அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். "அடுத்த சனிக்கிழமை மாவட்ட நூலகத்து வண்டி வருது. இந்தப் பன்னெண்டையும் இங்க யாரும் எடுக்கலைன்னா, வேற நூலகத்துக்கு மாத்திருவாங்களாம்."

சத்யபிரியா போர்டைத் திரும்பிப் பார்த்தாள். புத்தகங்கள் போவது ஒரு துக்கம். தான் எழுதிய வரி ஒன்றுகூட ஒரு பெரியவரையும் அசைக்கவில்லையே என்பது அதைவிடப் பெரிய துக்கம்.

அன்று சாயங்காலம்தான் அது தொடங்கியது.

நாலு மணிக்கு ஜெஸ்ஸி அக்கா பூட்டைத் திறந்தார். பின் சன்னலை ஒட்டிய மேசையில், காலையில் மூடி வைத்த ஆழ்கடல் புத்தகம் திறந்து கிடந்தது. திறந்த பக்கத்தில் ஒரு மீன். வாய் முழுக்க ஊசி ஊசியாய்ப் பல், தலைக்கு மேலே சொந்தமாய் ஒரு விளக்கு. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு விரல் தடங்கள் வெள்ளை வெளேரென்று பதிந்திருந்தன.

"பூட்டு பூட்டுன மாதிரியே இருக்கு. சன்னல் கதவும் சாத்தித்தான் இருக்கு," என்றார் ஜெஸ்ஸி அக்கா. அவர் குரல் பாதியாகிவிட்டது.

தினமும் செய்தித்தாளுக்காக வரும் கருப்பணன் மாமா அந்த வெள்ளையைத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்க்கவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு.

"இது சாம்பல்," என்றார். "சுடுகாட்டுச் சாம்பல். உச்சிவேளையில ஏதோ வந்துட்டுப் போயிருக்கு. நான் வாரேன்." செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடந்தார். நேராக டீக்கடைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் புத்தகம் திறந்திருந்தது. இந்த முறை இருபது பக்கம் தள்ளி. அதே வெள்ளை விரல்கள்.

"பேயாவது படிக்குதே," என்றான் சத்யபிரியாவின் வகுப்புத் தோழன் பிராங்க்ளின்.

"சும்மா இருலே," என்றாள் சத்யபிரியா. அவளுக்கும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. என்றாலும் உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. "நாளைக்கு உச்சிவேளையில வந்து பாப்போம்."

"நீ பாரு. நான் உன்னையப் பாத்துக்கறேன்," என்றான் பிராங்க்ளின்.

மே மாத உச்சி வெயிலில் செங்கரட்டுத் தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? காக்கைகூட இருக்காது. வாசல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். தன் நிழல் தன் காலடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். இரவில் பயப்படத் துணைக்கு ஆட்கள் உண்டு. உச்சிவேளையில் பயந்தால் கேட்க நாதி கிடையாது.

திங்கட்கிழமை இருவரும் நூலக வாசலில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த ஒரு இயந்திரத்தின் இரைச்சல் திடீரென்று நின்றது. அதற்குப் பிறகு ஊரே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது.

கதவின் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் அகல இடைவெளி. சத்யபிரியா ஒரு கண்ணை அதில் வைத்தாள். உள்ளே அரையிருட்டு. மேசை மட்டும் தெரிந்தது. சன்னல் அவள் பார்வைக்குப் படவில்லை.

கிரீச்.

மேசைமேல் ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. கோடு அகலமாகியது. பிறகு, காற்றிலிருந்து முளைத்ததுபோல், ஒரு கை வந்தது. முழங்கைவரை வெள்ளை. நகமும் வெள்ளை. அந்தக் கை புத்தகத்தை மெதுவாகத் தடவி, பக்கத்தைத் தேடி, திறந்தது. செத்த நேரம் அசையாமல் இருந்தது. ஒரு விரல் மட்டும் வரி வரியாக நகர்ந்தது. பிறகு பக்கத்தைப் புரட்டியது.

கைக்குச் சொந்தமான ஆள் எங்குமே இல்லை.

யார் முதலில் ஓடியது என்பதில் இருவருக்கும் இன்றுவரை சண்டை. பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றபோது பிராங்க்ளினின் ஒரு செருப்பைக் காணோம்.

செவ்வாய்க்கிழமை நிலைமை இன்னும் மோசமாகியது. சாயங்காலம் திறந்து பார்த்தால், விரல் தடங்கள் சிவப்பு.

"ரத்தம்," என்றார் ஜெஸ்ஸி அக்கா. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சத்யா, இதுக இங்கேயிருந்து போனாப் போதும். வண்டி வந்ததும் முதல் ஆளா நானே மூட்டை கட்டிக் குடுத்துருவேன்."

முந்தின நாள் ஓடியதற்குப் பரிகாரமாக வீரத்தைக் காட்ட நினைத்தான் பிராங்க்ளின். ஒரு விரலால் சிவப்பைத் தொட்டான். பிறகு பழக்கதோஷத்தில் அதே விரலால் கண்ணைத் தேய்த்தான்.

அவ்வளவுதான். அவன் போட்ட கூப்பாட்டில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"எரியுது, பேய் என் கண்ணைப் பிடுங்குது," என்று அலறியவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய் முகத்தைக் கழுவிவிட்டாள் சத்யபிரியா. கழுவும்போது அவளுக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அங்கேயே நின்று யோசித்தாள். ரத்தம் கண்ணில் பட்டால் எரியுமா? ரத்தத்தை மோந்தால் தும்மல் வருமா?

திரும்பிப்போய்ப் புத்தகத்தை மோந்து பார்த்தாள். புதிதாக அரைத்த மிளகாய்த்தூள் வாடை. முந்தின பக்கங்களையும் மோந்தாள். அரிசி மாவு.

ஜெஸ்ஸி அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் நிச்சயமாகத் தெரியட்டும் என்று நினைத்தாள்.

புதன்கிழமை உச்சிவேளையில் நூலகத்துக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனாள். யாரும் போகாத சந்து. கருவேல முள்ளும் உடைந்த பானையுமாகக் கிடக்கும். ஒரு கண் வீங்கிய பிராங்க்ளின் சந்து முனையிலேயே நின்றுகொண்டான். "யாராவது வந்தாச் சொல்றேன்," என்றான். யாரும் வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அந்த இயந்திர இரைச்சல் நின்றது. எங்கோ ஒரு தகரக் கதவு திறந்து மூடியது. சத்யபிரியா முள்ளை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

சன்னலோரம் கவிழ்த்த டின்னின்மேல் ஒரு உருவம் நின்றது. தலைமுடி வெள்ளை. சேலை வெள்ளை. கழுத்து வெள்ளை. கம்பிக்குள் ஒரு கை முழங்கைவரை போயிருந்தது. மாவு வாடை அடிக்கும், பயப்பட ஒன்றும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். ஆனாலும் அந்த உருவம் மெதுவாகத் திரும்பி, வெள்ளைப் புருவத்துக்குக் கீழே சிவந்த இரண்டு கண்களால் பார்த்தபோது, சொல்லி வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. காலும் நகரவில்லை.

ஓட முடியாதவர்கள் பேசத்தானே வேண்டும்? வாயில் வந்ததைக் கேட்டாள்.

"எத்தனாவது பக்கம்?"

"நூத்திப் பன்னெண்டு," என்றது உருவம். பிறகு அதுவே பயந்துபோய், "கத்திராத தாயி," என்றது.

மாவு மில் அய்யம்மாள்தான் அது. மில் வாசல் அடுத்த தெருவில் இருந்ததால், அதன் பின்பக்கம் இந்தச் சந்து என்பதை ஊரே யோசித்துப் பார்த்ததில்லை.

"எதையும் எடுக்கல தாயி. படிச்சுட்டுச் சன்னலைச் சாத்திருவேன். கைதான் சரியாக் கழுவல போலருக்கு," என்றாள் அய்யம்மாள்.

"உள்ள வந்து படிக்கலாம்ல அத்தை?"

"எப்ப வாரது? நீங்க தொறந்திருக்கையில என் மெஷினு ஓடுது. என் மெஷினு நிக்கையில நீங்க பூட்டிப்புடுறீக. அதுபோக, இம்புட்டு மாவோட உள்ள வந்தா என்னைய வெரட்ட மாட்டாகளா?"

"எதுக்கு ஆழ்கடல் புத்தகம்?"

அய்யம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நான் கடலே பாத்ததில்ல. அங்க அடியில ஒரே இருட்டாம், சில்லுனு இருக்குமாம். இந்த வெயிலுக்கும் மெஷின் சூட்டுக்கும் அதைப் படிக்கையில உடம்பே குளுந்துருது. சன்னலு வழியா உள்ள பாத்தேன். யாரோ போர்டுல எழுதியிருந்தாக, ஆக்டோபஸுக்கு மூணு இதயம்னு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. மூணையும் வச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்னு ஒரே யோசனை."

சத்யபிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் வரி ஒரு பெரியவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

"அத்தை, சனிக்கிழமை இந்தப் புத்தகம்லாம் போயிருது," என்றாள். ஒருவரும் எடுக்காத கதையைச் சொன்னாள்.

அய்யம்மாள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் நாப்பது பக்கம் இருக்கே," என்றாள் மெதுவாக.

அன்று சாயங்காலம் சத்யபிரியா ஜெஸ்ஸி அக்காவிடம் முதலில் கேட்டது இதுதான்: "பேய் யாருன்னு சொன்னாத் திட்டுவீங்களா?"

கேட்டு முடித்த ஜெஸ்ஸி அக்கா திட்டவில்லை. உறுப்பினர் படிவத்தையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, சத்யபிரியாவோடு மில்லுக்குக் கிளம்பினார். "படிக்கிறவங்களுக்குப் பயந்து, படிக்காதவங்களுக்காகக் கதவைத் தொறந்து வச்சிருந்திருக்கேன்," என்றார் வழியெல்லாம். அய்யம்மாள் கையை மூன்று முறை கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு புத்தகம் பிழைத்தது. மீதிப் பதினொன்று?

சத்யபிரியா மில்லைச் சுற்றிப் பார்த்தாள். அரிசி டின்னும் கம்பு டின்னுமாகப் பத்துப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் மல்லி மூட்டையோடு நின்றார்கள். எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் மாவைத் தவிர ஒன்றும் இல்லை.

அவள் போய் அந்த மாவின்மேல் விரலால் பெரிது பெரிதாக எழுத ஆரம்பித்தாள். "முழங்கால் ஏன் கடக்கடக்கென்கிறது? எலும்புப் புத்தகத்தில் பதில் இருக்கிறது." "முருங்கை பூக்கிறது, காய்க்கவில்லையா? தேனீயைக் கேளுங்கள்."

"அது பேய் படிச்ச புஸ்தகம்லடி," என்றாள் வரிசையில் இருந்த ஒருத்தி.

"அந்தப் பேயே நாந்தேன்," என்றாள் அய்யம்மாள். மெஷின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கணீரென்று கேட்டது. "கடலுக்கு அடியில ஒரு மீனு, தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு அலையுது. தெரியுமா உங்களுக்கு?"

"கட்டிக்கிட்டு என்ன செய்யும்?"

"அதை ஏன் என்கிட்டக் கேக்குறே? நான் திருப்பிக் குடுத்த பெறகு நீ எடுத்துப் படி."

வியாழக்கிழமை காலை, மாவு டின்னோடு ஆட்கள் நூலகத்துக்கு வந்தார்கள். முழங்கால் வலிக்காரி எலும்பை எடுத்தாள். முருங்கைத் தோட்டத்துக்காரர் தேனீயை எடுத்தார். கருப்பணன் மாமா கடைசியாக வந்து, "எனக்குப் பயம்னு எவன் சொன்னான்?" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எரிமலையைத் தூக்கிக்கொண்டு போனார். மாவு படாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டுக் கொடுத்தான் பிராங்க்ளின். கடைசியில் மீந்த மூளைப் புத்தகத்தை அவனுடைய அம்மாவே எடுத்தாள். மகனுக்கு உதவும் என்றாள்.

சனிக்கிழமை வண்டி வந்தது. வண்டிக்காரர் ராயப்பராஜ் சாக்கை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்தார். சன்னலோர மேசையைப் பார்த்தார். ஒரு புத்தகமும் இல்லை. டீக்கடையில் இறங்கிப் பேய்க் கதையைக் கேட்டுவிட்டு வந்தவர் அல்லவா, நெற்றி வேர்த்துவிட்டது.

"எங்க பாப்பா பன்னெண்டு புஸ்தகமும்?" என்றார் தாழ்ந்த குரலில். "நெசமாவே பேய் தூக்கிட்டுப் போயிருச்சா?"

"ஆமாண்ணே," என்றாள் சத்யபிரியா, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி. "வரிசையில நின்னு, கையெழுத்துப் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போச்சு."